ஆறு தாண்டாத மாதம்

பிப்ரவரி 20, செவ்வாய்

இதைத் தமிழில் எழுதுகிறேன். ஆஸ்திரேலியாவின் நடுவில் இருக்கும் இந்தக் கூரிண்டாவில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒன்று நான். மற்ற இரண்டு பேரிடமிருந்துதான் இதை மறைக்க வேண்டும். அதனால் மொழியை நம்பிப் பயனில்லை, இடத்தைத்தான் நம்ப வேண்டும். காலி அரிசிப் பைகளை அம்மா மடித்துக் கட்டிலுக்கு அடியில் வைக்கிறாள். குனிந்தால் மூச்சு வாங்குவதால் இப்போதெல்லாம் அவள் கட்டிலுக்கு அடியில் பார்ப்பதில்லை. நோட்டு அங்கே இருக்கும்.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று அம்மா சொன்னாள். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை.

இன்று பள்ளியிலிருந்து பாதியில் என்னைக் கூப்பிட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள். அம்மாவுக்கு இங்கிலீஷ் பாதி புரியும், பேச வராது. கடை, தபால் நிலையம், கவுன்சில் ஆபீஸ் எங்கே போனாலும் நான்தான் அவள் வாய். இந்த ஊருக்கு வந்து இரண்டு வருடமாக அப்படித்தான். அப்பா திங்கட்கிழமை காலை கவுன்சில் லாரியில் போனால் வெள்ளி சாயங்காலம்தான் வருவார். நாமக்கல்லில் லாரி மெக்கானிக்காக இருந்தவர், இங்கே மண்ரோடு போடும் இயந்திரங்களை ரிப்பேர் செய்கிறார். ரோடு எங்கே முடிகிறதோ அங்கேதான் அவர் கூடாரம்.

கிளினிக்கில் ஒரே ஒரு நர்ஸ், மெரிடித். அம்மாவின் வயிற்றைப் பார்த்ததும், "இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தீர்கள்?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார், ஆனால் கோபம். பிறகு எத்தனை வாரம் என்றார்.

"எத்தனாவது மாசம்னு கேக்கறாங்கம்மா."

எனக்குத் தெரியும். எட்டாவது நடக்கிறது. தை கடைசியிலிருந்து வீட்டில் அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அம்மா நர்ஸைப் பார்த்துச் சிரித்தபடியே சொன்னாள்: "ஆறு முடிஞ்சுதுன்னு சொல்லு."

"எட்டாவதுதானேம்மா?"

"சிரிச்சுக்கிட்டே சொல்லு கண்ணு. உன்ற மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கறாங்க."

சொன்னேன். ஆறு முடிந்தது என்று, நல்ல இங்கிலீஷில், தப்பில்லாமல்.

நர்ஸ் நாட்காட்டியைத் திருப்பினார். இந்த ஊரில் யாருக்கும் பிரசவம் பார்ப்பதில்லை. டாக்டர் இல்லை, ஆபரேஷன் அறை இல்லை. மழைக்காலத்தில் ரோட்டையும் நம்ப முடியாது. அதனால் எட்டாவது மாதம் தொடங்கியதும் அறுநூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நகரத்துக்குப் போய், ஆஸ்பத்திரி பக்கத்து விடுதியில் குழந்தை பிறக்கும்வரை இருக்க வேண்டும். ஸ்கேனும் அங்கேதான். அம்மாவின் கணக்குப்படி மார்ச் கடைசியில் போனால் போதும்.

அம்மா தலையாட்டினாள். அவளுக்கு இந்த விதி முன்பே தெரிந்திருக்கிறது. ஊரில் இருக்கும் ஹோட்டலில் யாரோ சொல்லியிருப்பார்கள்.

திரும்பி நடக்கும்போது கேட்டேன், ஏன் என்று.

"எட்டாம் மாசத்துல ஆறு தாண்டக் கூடாது."

"நகரத்து ரோட்டுல வர்றது ஆறே இல்லைம்மா. வெறும் மணல். நேத்துக்கூட அதுக்குள்ள கால்பந்து ஆடினோம்."

"தண்ணி இல்லாட்டி ஆறு இல்லைன்னு ஆயிருமா? ஒம்பதாவது பொறக்கட்டும், நானே கெளம்பறேன். ஆர்கிட்டயும் சொல்லிப்போடாத. உங்கப்பங்கிட்டயும்தான்."

பொய்யை நினைத்தது அம்மா. ஆனால் அதைப் பேசிய வாய் என்னுடையது. அதனால் ஏதாவது ஆனால் யாரைக் கேட்பார்கள்?


பிப்ரவரி 22, வியாழன்

எங்கள் பள்ளியில் ஒரே வகுப்பறை, ஒரே டீச்சர். மிஸ் ஹாலோரன். எல்லா வகுப்பும் சேர்ந்து ஒன்பது பேர். நான் எட்டாம் வகுப்பு. எட்டாம் வகுப்பில் நான் முதல் மாணவி, கடைசி மாணவியும் நான்தான்.

இந்தப் பருவத்துக்கு எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு: இவ்வளவு பெரிய நாட்டில் ஏன் இவ்வளவு குறைவான மக்கள்?

இன்று கணக்குப் போட்டேன். ஆஸ்திரேலியாவுக்குள் கிட்டத்தட்ட அறுபது தமிழ்நாட்டை அடுக்கலாம். ஆனால் மொத்த மக்களும் தமிழ்நாட்டில் பாதிகூட இல்லை. அதிலும் பெரும்பாலானவர்கள் கடலோரத்துப் பெரிய நகரங்களில். நடுவில் யாரும் இல்லை. நடுவில் நாங்கள்.

பிறகு வேறு ஒன்று தோன்றியது. ஒரு நாட்டில் இருப்பவர்களை எல்லாம் சம இடைவெளி விட்டு நிற்க வைத்தால் எப்படி இருக்கும்? தமிழ்நாட்டில் அடுத்த ஆள் நாற்பது மீட்டரில் நிற்பார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். ஆஸ்திரேலியா முழுவதும் நின்றால் அரைக் கிலோமீட்டர். கத்தினால் கேட்கலாம், முகம் தெரியாது. எங்கள் கவுன்சில் எல்லைக்குள் மட்டும் நிற்க வைத்தால் ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே பத்தொன்பது கிலோமீட்டர்.

மிஸ் ஹாலோரனிடம் காட்டினேன். "உனக்குப் பத்தொன்பது கிலோமீட்டர் தள்ளி யார் நிற்கணும்னு ஆசை?" என்று கேட்டார். ஒரு டாக்டர் என்று பிறகுதான் தோன்றியது.


பிப்ரவரி 25, ஞாயிறு

அப்பா வந்திருந்தார். கோழிக் குழம்பு. அம்மாவுக்கு மிளகாய் வாசனையே ஆகவில்லை, கதவை எல்லாம் திறந்து வைத்துச் சமைத்தாள். ஈக்கள் எல்லாம் விருந்துக்கு வந்துவிட்டன.

அப்பா கேட்டார்: "ஏம்புள்ள, எப்பப் போகோணும்னாங்க?"

"மார்ச் கடைசில. நீங்க காரை மட்டும் பாத்து வையிங்க."

"மார்ச் கடைசியா? நானென்னமோ இன்னும் சீக்கிரம்னு நெனச்சேன்."

"உங்களுக்கு என்னத்தத் தெரியும்? என்னிக்கு ஆயில் மாத்தோணும்னு தெரியும்."

அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "அம்மிணிக்கு என்ன, மூஞ்சி சுண்டிக் கெடக்குது?" என்றார். கணக்கு வரவில்லை என்று சொன்னேன். அதுவும் ஒரு வகையில் உண்மைதான்.


மார்ச் 1, வெள்ளி

அம்மா இன்று பகலிலேயே முடியாமல் இரண்டு முறை படுத்து எழுந்தாள். எட்டாவது மாதக் குழந்தைக்குக் காது கேட்குமா? கேட்டால், நான் சொன்ன பொய்யும் கேட்டிருக்கும்.


மார்ச் 5, செவ்வாய்

ஒன்பதாவது மாதம் பிறந்துவிட்டது. அம்மா காலையில் தலைக்குக் குளித்து விளக்குப் போட்டாள். முகமே வேறு மாதிரி இருந்தது, பரீட்சை முடிந்த பிள்ளை மாதிரி.

"அப்ப இன்னைக்கே போய் நர்ஸ்கிட்டச் சொல்லிரலாமாம்மா? கார் ஏற்பாடு பண்ணச் சொல்லலாம்."

அம்மா திரியைத் தூண்டிக்கொண்டே இருந்தாள்.

"போயி என்னன்னு சொல்றது?"

"நெஜத்தச் சொல்றது."

"அன்னிக்குச் சொன்னது பொய்யின்னு தெரிஞ்சா நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க? உங்கப்பனோட வேலை, விசா எல்லாம் இவிங்க கையிலதான் இருக்குது. கம்முனு இரு. இன்னும் மூணே வாரம், அவிங்களே கூட்டிக்கிட்டுப் போறாங்க."

நர்ஸுக்கும் விசாவுக்கும் சம்பந்தம் இல்லை என்று சொன்னேன். அம்மா நம்பவில்லை. உண்மையில் எனக்கும் நிச்சயமாகத் தெரியாது.

பொய் ஒரு மாதத்தைத் தாண்ட உதவும் என்று நினைத்தோம். இப்போது மாதம் போய்விட்டது, பொய் போகவில்லை.


மார்ச் 9, சனி

பாடத்துக்காக ஊரில் எல்லோரையும் பார்த்து வயதும் பிறந்த இடமும் கேட்டு வருகிறேன். ஊரே எண்பத்து நாலு பேர். அறுபது பேர் முடிந்தது. வயதைப் படுக்கைக் கோடுகளாக வரைந்து, இடது பக்கம் ஆண்கள், வலது பக்கம் பெண்கள். இந்தியாவுக்கு வரைந்தால் அடி அகலமாக, மேலே போகப் போகக் குறுகி கோபுரம் மாதிரி வரும். கூரிண்டாவுக்கு வரைந்தது அடி உடைந்த பானை மாதிரி இருக்கிறது. ஆண்கள் பக்கம் புடைப்பு. இருபது வயதுக்காரர்களே கிடையாது, படிக்கப் போனவர்கள் திரும்பவில்லை. ஐந்து வயதுக்குக் கீழே இரண்டே பேர். ஒரு வயதுக்குக் கீழே கோடே இல்லை.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். இந்த ஊரிலேயே வளர்ந்தவர்கள்கூட நகரத்தில்தான் பிறந்திருக்கிறார்கள். வயதானவர்களுக்கு முடியாமல் போனாலும் விமானம் வந்து நகரத்துக்குத்தான் கொண்டுபோகிறது. ஆக, கணக்குப்படி இந்த ஊரில் யாரும் பிறப்பதில்லை, யாரும் சாவதும் இல்லை. நடுவில் இருப்பதை மட்டும் இங்கே செய்துகொள்கிறார்கள்.

பேர்ல் ஆன்ட்டி ஒருவர்தான் வேறு பதில் சொன்னார். ஹோட்டலில் படுக்கை விரிப்புகளைத் துவைப்பவர். இந்த மண்ணின் ஆதிக் குடிகளைச் சேர்ந்தவர். கொடியில் துணி போட்டுக்கொண்டே, "அங்கே," என்று கிளிப்பை வைத்து ஆற்று வளைவைக் காட்டினார். "அந்த மரத்துக்கு அடியில. அது பட்டுப்போச்சு, நான் இருக்கேன்."

வயது கேட்டேன். அறுபத்தெட்டு.

"எழுதிக்கோ. ஆனா நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப இந்த நாட்டு மக்கள்தொகைன்னு ஒரு எண் போடுவாங்களே, அதுல எங்க ஆளுங்க கிடையாது."

நம்ப முடியாமல், "ஏன், எண்ண மறந்துட்டாங்களா?" என்றேன்.

"ஆட்டை எண்ணினாங்க. ஒண்ணுகூட விடாம எண்ணினாங்க." சொல்லிவிட்டு ரொம்பப் பலமாகச் சிரித்தார். "பயப்படாதே பொண்ணே, நான் அப்பவும் இருந்தேன். ஈரத்துணியோட அந்த முனையைப் பிடி."

பிடித்தேன். மிஸ் ஹாலோரனிடம் கேட்டேன், உண்மைதான் என்றார். ஒரு நாடு தன்னிடம் இருப்பவர்களையே விட்டுவிட்டு எப்படிக் கூட்டிப் பார்க்கும்? விடை தப்பாகத்தானே வரும்?


மார்ச் 14, வியாழன்

மறுபடி கிளினிக். நர்ஸ் அம்மாவின் வயிற்றை டேப் வைத்து அளந்தார். எண்ணைப் பார்த்தார். இன்னொரு முறை அளந்தார்.

"பெரிய குழந்தை," என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார், அம்மாவைப் பார்த்து அல்ல. "தேதி நிச்சயமாகத் தெரியுமா என்று அம்மாவிடம் கேள்."

கேட்டேன்.

"எங்க மாமியா வீட்டு வாகு, எல்லாப் புள்ளைகளும் பெருசுன்னு சொல்லு," என்றாள் அம்மா.

நான் பிறந்தபோது மூன்று கிலோகூட இல்லை என்று அம்மாவே சொல்லியிருக்கிறாள். ஆனாலும் இப்போது அவள் சொன்னபடியே சொல்லிவிட்டேன், மாமியார் வீட்டு வாகு என்று. இங்கிலீஷில் அது இன்னும் பெரிய பொய்யாகக் கேட்டது. நர்ஸ் டேப்பைச் சுருட்டினார். வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனி, 23ஆம் தேதி, அப்பா காரில் கூட்டிப்போகட்டும் என்றார்.

இன்னும் ஒன்பது நாள்.


மார்ச் 18, திங்கள்

இன்று ஒரு விஷயம் கேள்விப்பட்டேன், தூக்கமே வரவில்லை.

வடக்கே ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒரு புயல் மழை பெய்ததாம். அது பெய்து மூன்று வாரமாகிறது. அந்தத் தண்ணீர் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. நிலம் தட்டையாக இருப்பதால் ஆள் நடக்கிற வேகத்தில் வருமாம். இங்கே ஒரு துளி மழை இல்லை, வானத்தில் ஒரு மேகம் இல்லை. ஆனால் ஆறு வரும் என்கிறார்கள். வரும், ஊருக்கு வராது, ரோட்டுக்கு வரும்.

மழை இல்லாமல் வெள்ளம் எப்படி வரும் என்று முதலில் அதிசயமாக இருந்தது. மிஸ் ஹாலோரன் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினார். மக்கள் ஏன் இங்கே குறைவு என்பதற்கு இதுவும் ஒரு பதில் என்றார். தண்ணீர் இல்லாதபோது வருடக்கணக்கில் இருக்காது, வந்தால் ஐம்பது கிலோமீட்டர் அகலத்துக்கு வரும்.

எப்போது வரும் என்று கேட்டேன்.

"வார இறுதிக்குள்ளே," என்றார். அவருக்கு அது நல்ல செய்தி. பறவைகள் வருமாம்.


மார்ச் 19, செவ்வாய்

அம்மாவிடம் சொன்னேன். இன்றைக்கே கிளம்பலாம் என்றேன். அப்பா கூடாரத்தில் இருக்கிறார், வேறு யாருடைய காரிலாவது போகலாம், நான் கேட்கிறேன் என்றேன்.

அம்மா ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள். "வெயில் மண்டையப் பொளக்குது. வெள்ளமாம். ஆரோ உனக்கு வெளையாட்டுக் காட்டியிருக்கறாங்க."


மார்ச் 21, வியாழன்

வந்துவிட்டது.

பள்ளியில் எல்லோரையும் கூட்டிப்போய்க் காட்டினார்கள். சத்தமே இல்லை. முன்னால் பழுப்பு நுரை, அதில் குச்சிகள், எறும்புகள், ஒரு பிளாஸ்டிக் செருப்பு. மண்ணின் வெடிப்புகளுக்குள் இறங்கி, நிரம்பி, அடுத்ததற்கு நகர்ந்தது. நாங்கள் கால்பந்து ஆடிய இடம் பத்து நிமிடத்தில் இல்லை. மேலே நீல வானம். சின்னப் பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் ஒரு நிமிடம் எல்லாவற்றையும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு அழகு. அதுதான் பயமாக இருக்கிறது.

சாயங்காலம் ரோட்டை மூடிவிட்டார்கள். ரோடு வேலையும் நின்றதால் அப்பா தண்ணீர் ஏறுவதற்குள் லாரியில் ஊர் திரும்பிவிட்டார். அம்மா வாசலில் நின்று, ரொம்ப தூரத்தில் வெயிலில் மின்னுவதைப் பார்த்தாள். உள்ளே போய் நகரத்துக்குக் கட்டி வைத்திருந்த பையிலிருந்து துணிகளை எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்கினாள்.


மார்ச் 22, வெள்ளி

நர்ஸ் வீட்டுக்கே வந்தார். அவசரம் இல்லை, எட்டாவது மாதம் இப்போதுதானே தொடங்குகிறது, ஏப்ரல் 3ஆம் தேதி, ஊர் ஊராகப் பறந்து போய் வைத்தியம் பார்க்கும் டாக்டரின் விமானம் வரும், அதில் ஒரு இடம் கேட்டிருக்கிறேன் என்றார். கிளம்பும்போது வாசலில் என்னிடம் மட்டும், "என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எப்போது வேண்டுமானாலும் வா," என்றார்.

இல்லை, ஒன்றும் இல்லை என்றேன்.

கதவைச் சாத்திவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.


மார்ச் 26, செவ்வாய்

அம்மா எதற்காக இப்படிப் பயப்படுகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்கு ஐந்து வயதில் நடந்த ஒன்று ஞாபகம் இருக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா என்று தெரியாது. நாமக்கல்லிலிருந்து கரூருக்கு, அம்மாவின் அம்மா வீட்டுக்குப் பஸ்ஸில் போனோம். அம்மாவின் கை நிறைய கண்ணாடி வளையல்கள். பஸ் பரமத்தி வேலூர் தாண்டிக் காவிரிப் பாலத்தில் ஏறியது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தாள். வளையல் உடைந்து என் மடியில் விழுந்தது. பச்சை. பிறகு பஸ்ஸை நிறுத்தச் சொல்லி யாரோ கத்தினார்கள்.

கரூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒருவர் எனக்கு ஆரஞ்சு மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். நான்கு நாள் கழித்து அம்மா வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு துண்டு மட்டும் இருந்தது. மடித்த துண்டு.

அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. வயிறு பெரிதாக இருந்ததே என்று ஒரு முறை கேட்க நினைத்தேன். அப்போது அம்மா மாவு சலித்துக்கொண்டிருந்தாள், வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.


மார்ச் 27, புதன்

பானை வரைபடம் முடிந்தது. மிஸ் ஹாலோரன் சுவரில் ஒட்டினார். எண்பத்து நாலு பேரும் இருக்கிறார்கள். பேர்ல் ஆன்ட்டியின் கோட்டை மட்டும் கொஞ்சம் கறுப்பாக அழுத்திப் போட்டேன். யாரும் கவனிக்கவில்லை.


மார்ச் 30, சனி

நேற்று எழுத முடியவில்லை. நேற்று நடந்ததை எல்லாம் இன்று எழுதுகிறேன்.

பெரிய வெள்ளி, எல்லாம் விடுமுறை. காலையில் அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஏனுங்க," என்று மட்டும் சொன்னாள். அப்பா வெளியே காரைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் சொன்ன விதத்தில் அவர் கையிலிருந்த குழாய் அப்படியே கீழே விழுந்தது. தோசை தீய்ந்த வாசனையோடு கிளம்பினோம்.

கிளினிக்கில் நர்ஸ் அம்மாவைப் படுக்க வைத்துப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தார். பறக்கும் டாக்டரிடம் பேசினார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. விமானம் வேறோர் இடத்தில் இருக்கிறது, வர மதியத்துக்கு மேலாகும். டாக்டர் மாதத்தைக் கேட்டார். நர்ஸ் பழைய தாளைப் பார்த்துச் சொன்னார். ஏழு முடிந்து எட்டாவது.

டாக்டரின் குரல் மாறிவிட்டது. அப்படியானால் குழந்தையின் நுரையீரல் தயாராக இருக்காது, அங்கே பிறக்கக் கூடாது, வலியை நிறுத்தும் மருந்தைக் கொடுங்கள், நான் வந்ததும் ஏற்றிக்கொண்டு போய்விடலாம் என்றார். நர்ஸ் அலமாரியைத் திறந்தார்.

"என்னங்கறாங்க?" என்றாள் அம்மா. முகம் முழுக்க வேர்வை.

"வலிய நிறுத்த மருந்து குடுக்கப்போறாங்க. புள்ள இன்னும் தயாராகலைன்னு நெனைக்கறாங்க."

அம்மா என்னையே பார்த்தாள். எனக்குத் தெரிந்ததுதான் அவளுக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கப் போகிறேன் என்பதும் தெரிந்துவிட்டது.

"வேண்டாம் சாமி," என்றாள். "உங்கப்பன் நிக்கறாரு."

அப்பா வாசற்படியில் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றார். நர்ஸ் மாத்திரை அட்டையைப் பிரித்தார். அந்தத் தகடு கிழிகிற சத்தம் கேட்டது.

நான் சொன்னேன். இங்கிலீஷில். எட்டாவது இல்லை, ஒன்பதாவது முடியப் போகிறது, அம்மா சொன்னதைத் தெரிந்தே தப்பாக நான் சொன்னேன், மருந்து கொடுக்காதீர்கள். அம்மா மேல் பழி வராமலிருக்க அந்த ஒரு பொய்யை மட்டும் விட்டு வைத்தேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன், நடுவில் இலக்கணம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அப்பா என்னைப் பார்த்தார். அப்பா அப்படி என்னை எப்போதும் பார்த்ததில்லை, ஏதோ ரோட்டில் போகிற பெண்ணைப் பார்ப்பது போல.

நர்ஸ் மருந்தை மேசையில் வைத்தார். போனில், "கேட்டதா டாக்டர்?" என்றார். கேட்டது என்றார் டாக்டர். அப்புறம் அவர் பேச்சே வேறாகிவிட்டது. அப்படியானால் நிறுத்தாதீர்கள், விமானத்தில் நடுவானத்தில் பிறப்பதைவிட அங்கேயே பிறக்கட்டும், நான் போனிலேயே இருக்கிறேன்.

நர்ஸ் கையைக் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "ஓடிப்போய்ப் பேர்லைக் கூட்டி வா. எனக்கு இன்னும் இரண்டு கை வேண்டும். பிறகு நீ திரும்பி வந்து அம்மாவின் தலைமாட்டில் நில். நான் சொல்வதைச் சொல். இந்த முறை அப்படியே சொல்."

ஓடினேன். பேர்ல் ஆன்ட்டி காலில் செருப்பில்லாமலே வந்தார். "இந்த ஊர்ல பிரசவமா? இருபத்தெட்டு வருஷமாச்சே! யாரு கேட்டாங்க அனுமதி?" என்று வாசலிலேயே சத்தம் போட்டார். அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அவர் ஏதேதோ பேசிக்கொண்டே இருந்தார். அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. அம்மாவுக்கு அது தேவைப்படவில்லை.

நான் தலைமாட்டில் நின்றேன். முக்கச் சொல்கிறார்கள் அம்மா, நிறுத்தச் சொல்கிறார்கள் அம்மா, மூச்சு விடு அம்மா. அம்மா என் கையைப் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்துவிட்டன. கோபத்தில் பிடிக்கிறாளா, வலியில் பிடிக்கிறாளா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். யோசிக்க நேரம் இருந்தது. நிறைய நேரம்.

பெண் குழந்தை. முதலில் அழவில்லை. நர்ஸ் துண்டால் அதன் முதுகை அழுத்தித் தேய்த்தார். அந்தத் துண்டைப் பார்த்ததும் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

பிறகு ஒரு சத்தம். பூனை தும்மியது மாதிரி. பிறகு உண்மையான அழுகை, கிளினிக் வாசலில் இருந்த நாய் குரைக்கும் அளவுக்கு. போனில் டாக்டர், "அது போதும், அந்த நுரையீரலை நான் நம்புகிறேன்," என்றார்.

அப்பா படியில் உட்கார்ந்துவிட்டார்.

விமானம் மதியத்துக்கு மேல் வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு இரண்டு பேரும் நலம், ஆனாலும் சில நாள் ஆஸ்பத்திரியில் இருப்பது நல்லது என்றார். தூக்குப் படுக்கையில் ஏற்றுவதற்கு முன்னால் நர்ஸ் தாளும் பேனாவுமாக வந்து என்னைக் கூப்பிட்டார். அம்மாவின் பெயர், அப்பாவின் பெயர், எல்லாம் சொன்னேன். கடைசியாக, இதற்கு முன் அம்மாவுக்குப் பிறந்த குழந்தைகள் எத்தனை என்று கேட்டார். இங்கே அதையும் பதிவு செய்ய வேண்டுமாம்.

நான் அம்மா பக்கம் திரும்பி, "எத்தனை..." என்று ஆரம்பித்தேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. நேராக நர்ஸைப் பார்த்தாள்.

"மை மிஸ்டேக்," என்றாள். "மை டாட்டர், நோ மிஸ்டேக்." அம்மா இங்கிலீஷில் பேசி நான் கேட்டது அதுதான் முதல் முறை. ஒவ்வொரு வார்த்தையையும் கல்லைத் தூக்கி வைப்பது போல வைத்தாள். பிறகு இரண்டு விரலைக் காட்டினாள். ஒரு விரலால் என்னைத் தொட்டாள். இன்னொரு விரலை அப்படியே நிறுத்தி வைத்திருந்தாள்.

நர்ஸ் எழுதுவதை நிறுத்தினார். "உயிரோடு இருக்கிறதா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நோ," என்றாள் அம்மா.

"பெயர் வைத்தீர்களா?"

அது அம்மாவுக்கு நான் சொல்லாமலே புரிந்துவிட்டது.

"முகிலன்," என்றாள்.

அப்பா சட்டென்று நிமிர்ந்தார். அவரும் அந்தப் பெயரை முன்பு கேட்டதில்லை என்று அவர் முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது. இத்தனை வருடமும் அம்மா அதை யாரிடமும் சொல்லாமல் தனியாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

நர்ஸ் என்னிடம் திரும்பினார். எழுத்துக்கூட்டிச் சொல்ல முடியுமா என்றார்.

வெளியே விமானத்தின் இயந்திரத்தைக் கிளப்பிவிட்டார்கள். காதில் விழ வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு எழுத்தாக, சத்தமாகச் சொன்னேன்.